கல்லூரி கிராமத்தைத் தேடி வந்த கதை

விளைபொருளின் விலை ஓராண்டு வீழ்ந்தால் குடும்பம் பொறுத்துக்கொள்ளும். அடுத்த ஆண்டும் வீழ்ந்தால் நகையை அடகு வைத்துச் சமாளிக்கும். ஆனால் மந்தநிலை பத்தாண்டு, பதினைந்து ஆண்டு என்று நீடித்தால் என் செய்வது? இளைஞர் ஊரைவிட்டுப் போவர். முதியவரும் குழந்தைகளும் கடனும் ஊரில் தங்கும். அத்தகைய காலத்தில் அரசின் உதவி வரட்டும் என்று காத்திருப்பதா, நாமே முன்வந்து ஏதேனும் செய்ய இயலுமா என்னும் கேள்வி உழவர் ஒவ்வொருவர்க்கும், ஊராட்சி உறுப்பினர் ஒவ்வொருவர்க்கும் உரியது. இக்கேள்விக்குக் கனடா நாட்டின் கீழ்க்கரையில் உள்ள நோவா ஸ்கோஷியா மாகாண மக்கள் 1920-க்கும் 1940-க்கும் இடையில் ஒரு விடை கண்டனர். அவர்களுக்குத் துணை நின்றது ஒரு சிறிய பல்கலைக்கழகம். அவ்வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

நாடும் மக்களும்

நோவா ஸ்கோஷியா கடல் சூழ்ந்த நிலப்பகுதி. மீன்பிடித்தல், சிறு வேளாண்மை, மரம் வெட்டுதல், நிலக்கரி எடுத்தல் ஆகியவையே அங்குள்ள மக்களின் தொழில்கள். 1929-ஆம் ஆண்டில் உலகெங்கும் பெருமந்தம் தோன்றியது என்பதை யாவரும் அறிவர். ஆனால் இம்மாகாணத்தில் மந்தம் அதற்குப் பத்தாண்டு முன்னரே வந்துவிட்டது. முதல் உலகப்போர் முடிந்ததும் மீனுக்கும் நிலக்கரிக்கும் விலை சரிந்தது. ஆலைகள் மூடப்பட்டன. சுரங்கங்களில் கூலியைக் குறைத்ததால் 1922 முதல் 1925 வரை கடும் வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன. 1920-க்களில் மட்டும் இப்பகுதியின் மூன்று கடலோர மாகாணங்களிலிருந்தும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பிழைப்புத் தேடி வெளியேறினர். ஆகவே, உலகம் வாடத் தொடங்கிய போது இவர்கள் ஏற்கெனவே வாடிப்போயிருந்தனர்.

குடும்பத்தின் நிலை

மீனவர் குடும்பத்தின் வரவுசெலவு அக்காலத்தில் எவ்வாறிருந்தது என்பதை நாம் நன்கு கவனித்தல் வேண்டும். பருவத் தொடக்கத்தில் வலை, கயிறு, உப்பு, மாவு, சர்க்கரை எல்லாவற்றையும் ஊர் வணிகரிடம் கடனாக வாங்குவார்கள். பிடித்த மீனை அவரிடமே கொடுப்பார்கள். வாங்கும் பொருளுக்கு விலை வைப்பவரும் அவரே. விற்கும் மீனுக்கு விலை வைப்பவரும் அவரே. கணக்குப் புத்தகம் அவர் கையில். பருவம் முடியும்போது குடும்பத்தலைவர் பணத்தைக் கண்ணால் காண்பதில்லை. மீதிக் கடனையே காண்பார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கும் நெடுங்காலம் இதே கதிதான். நிறுவனம் நடத்திய கடையில் பற்று வைத்து வாங்கிய பொருளின் விலை கூலியிலிருந்து பிடித்துக்கொள்ளப்பட்டது.

இவ்வாறு வாழ்ந்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். அதிகாலையில் உறைபனிக் கடலில் இறங்கியவர்கள். அவர்களுக்கு உழைப்பில் குறைவில்லை. தம் பொருள் எங்கே போகிறது, என்ன விலைக்கு விற்கிறது, இடையில் யார் யார் எவ்வளவு எடுத்துக்கொள்கின்றனர் என்னும் அறிவே அவர்களுக்கு எட்டாமலிருந்தது.

பல்கலைக்கழகத்தின் உள்ளே எழுந்த வழக்கு

அம்மாகாணத்தில் அன்டிகோனிஷ் என்னும் சிற்றூரில் புனித பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1853-இல் கல்லூரியாகத் தொடங்கி, 1866-இல் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. அதன் துணைத் தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் டாம்ப்கின்ஸ் என்னும் பாதிரியார். அவர் 1921-இல் மக்களுக்குரிய அறிவு என்னும் பொருள்பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். பல்கலைக்கழகத்துக்கு வர இயலாத உழவர்க்கும் மீனவர்க்கும் கல்வி சேர வேண்டும் என்பதே அதன் கருத்து. அதே ஆண்டின் குளிர்காலத்தில் ‘மக்கள் பள்ளி’ ஒன்று பல்கலைக்கழக வளாகத்திலேயே நடந்தது. முன்படிப்பு எதுவும் வேண்டப்படவில்லை. ஐம்பதுக்கும் மேற்பட்டோர், இளைஞரும் நடுவயதினரும், வந்து சில வாரங்கள் தங்கிப் படித்தனர்.

பிறகு ஒரு பெரும் வழக்கு எழுந்தது. 1922-இல் அமெரிக்காவின் கார்னகி நிறுவனத்தின் சார்பில் ஓர் அறிக்கை வந்தது. கடலோர மாகாணங்களில் சிதறியுள்ள சிறு கல்லூரிகளை ஹாலிபாக்ஸ் நகரில் ஒன்றாக இணைத்தால் தரம் உயரும் என்று அவ்வறிக்கை கூறியது. டாம்ப்கின்ஸ் இதனை ஆதரித்தார். ஆனால் பேராயரும் நிர்வாக சபையினரும் எதிர்த்தனர். கல்லூரி தலைநகருக்குப் போய்விட்டால் கிழக்குப் பகுதி மக்களின் கையைவிட்டு நழுவிவிடும் என்று அவர்கள் அஞ்சினர். சபை இணைப்பை மறுத்தது. டாம்ப்கின்ஸ் தம் பதவியை இழந்தார். மாகாணத்தின் கிழக்குப் பகுதியில் உள்ள கேன்சோ என்னும் மீன்பிடி ஊருக்குப் பங்குத் தந்தையாக அனுப்பப்பட்டார்.

இவ்வழக்கில் இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. சிறு நிறுவனம் பணமின்றித் தேய்ந்துபோகும் என்பது ஒரு தரப்பின் கவலை. ஊரோடு ஒட்டிய நிறுவனம் தொலைவுக்குப் போனால் ஊரை மறந்துவிடும் என்பது மறு தரப்பின் கவலை. எனினும் ‘ஊரோடு இருப்போம்’ என்று முடிவு செய்த சபைக்கு ஒரு பொறுப்பும் உடன் வந்தது. ஊரில் இருந்துகொண்டு ஊருக்கு என்ன செய்கிறது என்று மக்கள் கேட்பார்கள் அல்லவா?

நிர்வாக சபையின் முடிவு

கேன்சோவில் டாம்ப்கின்ஸ் சும்மா இருக்கவில்லை. மீனவர் வீடுகளுக்குச் சென்று பேசினார். சிறு வெளியீடுகளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். 1927 ஜூலை 1-ஆம் நாள் கனடா தன் அறுபதாம் ஆண்டு விழாவைக் கொண்டாடியது. அன்று கேன்சோ மீனவர்கள் கூட்டம் கூடி, தாங்கள் கொண்டாடுவதற்கு ஒன்றும் இல்லை என்று தம் குறைகளை வெளியிட்டனர். அக்குரல் பரவியது. அவ்வாண்டே மத்திய அரசு மீன்பிடித் தொழிலைப் பற்றி விசாரிக்க ஆணையம் ஒன்றை அமைத்தது. பல்கலைக்கழகப் பேராசிரியரும் டாம்ப்கின்ஸின் உறவினருமான மோசஸ் கோடி என்னும் பாதிரியார் ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தார். மீனவர்கள் கூட்டுறவு முறையில் ஒன்றுசேர வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். ஆணையமும் அதனை ஏற்றுப் பரிந்துரைத்தது.

இதற்கிடையில் பழைய மாணவர் சங்கமும், மக்களின் வேறு அமைப்புகளும் நிர்வாக சபையை நெருக்கின. ‘நீங்கள் செய்யாவிட்டால் நாங்களே செய்வோம்’ என்ற நிலை உருவாயிற்று. 1928 நவம்பரில் நிர்வாக சபை விரிவுத் துறை ஒன்றை நிறுவ இசைந்தது. கோடி அதன் இயக்குநரானார். 1930-இல் வேளாண்மைத் துறை அனுபவம் மிக்க ஏ. பி. மக்டொனால்டு துணை இயக்குநராகச் சேர்ந்தார்.

இங்கு நாம் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பல்கலைக்கழகம் தானாக இரங்கி ஊருக்கு வரவில்லை. உள்ளே இருந்த சிலர் வாதாடினர். வெளியே இருந்த மக்கள் கேட்டனர். அதன் பிறகே சபை முடிவு செய்தது. கேட்காத ஊருக்குக் கல்லூரி வருவது அரிது.

படிப்பு வட்டம் நடந்த முறை

விரிவுத் துறைக்குப் பணம் மிகக் குறைவு. ஆகையால் ஊருக்கு ஓர் ஆசிரியரை அனுப்ப வழியில்லை. எனவே எளிய முறையொன்றை வகுத்தனர். முதலில் ஊர்ப் பொதுக்கூட்டம். கோடி உயரமான தோற்றமும் கணீரென்ற குரலும் உடையவர். ‘உங்கள் வறுமைக்கு நீங்கள் மட்டும் காரணம் அல்ல, ஆனால் அதை நீக்கும் வேலையை நீங்கள்தான் தொடங்க வேண்டும்’ என்ற கருத்தை அவர் ஊர் ஊராக எடுத்துரைத்தார். கூட்டத்தின் முடிவில் ஊரார் சிறு சிறு குழுக்களாகப் பிரிவர். ஒரு குழுவில் ஐந்து முதல் பத்துப்பேர். தம்முள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்துகொள்வர். வாரம் ஒருமுறை ஒருவர் வீட்டுச் சமையலறையில் அடுப்பைச் சுற்றி அமர்ந்து படிப்பர். எழுத்தறியாதவருக்கு அறிந்தவர் வாசித்துக் காட்டுவார். பல்கலைக்கழகம் எளிய சிறு வெளியீடுகளை அனுப்பும். சில வாரங்களுக்கு ஒருமுறை வட்டாரக் குழுக்கள் அனைத்தும் ஓரிடத்தில் கூடித் தாம் கண்டதைச் சொல்லும்.

என்ன படித்தனர்? இலக்கியமோ வரலாறோ முதலில் அல்ல. தம் வீட்டுக் கணக்கைப் படித்தனர். கடனுக்கு எவ்வளவு வட்டி, ஒரு பவுண்டு மீனுக்கு இங்கே என்ன விலை, பாஸ்டன் நகரச் சந்தையில் என்ன விலை, இடைச்செலவு எவ்வளவு என்று எழுதினர். ஒவ்வொரு குழுவும் இரண்டு கேள்விகளைத் தன் முன் வைத்தது: நாம் செய்ய வேண்டியது என்ன? அதைச் செய்வதற்கு நாம் எதைக் கற்க வேண்டும்? முதல் ஆண்டிலேயே சுமார் 170 குழுக்கள் தோன்றின. 1930-க்களின் பிற்பகுதியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குழுக்களில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் பயின்றனர்.

படிப்பிலிருந்து தொழிலுக்கு

படிப்பு செயலாக மாறியதற்கு லிட்டில் டோவர் என்னும் ஊர் நல்ல சான்று. கேன்சோவை அடுத்த மிக ஏழை மீனவர் குப்பம் அது. சிங்கி இறாலைப் பிடித்துக் குறைந்த விலைக்கு விற்று வந்தனர். டாம்ப்கின்ஸின் தூண்டுதலால் ஒன்றுகூடிப் படித்தபின், இறாலைத் தாமே டப்பியில் அடைக்கும் ஆலை ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தனர். பணம் இல்லை, காடு இருந்தது, கைகள் இருந்தன. மரத்தைத் தாமே வெட்டினர். கட்டிடத்தைத் தாமே எழுப்பினர். இயந்திரத்துக்கு மட்டும் கடன் வாங்கினர். ஆலை நடந்தது, கடன் அடைந்தது. குழந்தைகளுக்குப் பால் இல்லை என்று கண்டு வெள்ளாடுகளையும் கொண்டுவந்து வளர்த்தனர். ஆலையோடு ஆட்டையும் எண்ணிய அறிவே இவ்வூரின் சிறப்பு. வருமானம் உயர்ந்தால் போதாது, குழந்தையின் வயிறு நிறைய வேண்டும் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

1930 ஜூனில் ஹாலிபாக்ஸ் நகரில் மீனவர் பிரதிநிதிகள் கூடி, ஐக்கிய கடலோர மீனவர் சங்கம் என்னும் கூட்டமைப்பை உருவாக்கினர். அதன்பின் கூட்டுறவுக் கடைகள், இறால் ஆலைகள், மீன் பதப்படுத்தும் நிலையங்கள் பல ஊர்களில் எழுந்தன.

இந்தியாவிலிருந்து சென்ற விதை

கடனிலிருந்து மீளாமல் எந்தச் சங்கமும் நிலைக்காது. ஆகவே சிக்கன நாணயச் சங்கம் வேண்டும் என்று விரிவுத் துறை கண்டது. அதற்கான சட்டம் 1932-இல் நோவா ஸ்கோஷியாவில் நிறைவேறியது. சட்டத்துக்கு வழிகாட்டியவர் அமெரிக்காவிலிருந்து வந்த ராய் பெர்கென்கிரென். அவரை இப்பணியில் அமர்த்தியவர் பாஸ்டன் வணிகர் எட்வர்ட் ஃபைலீன். அந்த ஃபைலீன் 1907-இல் இந்தியாவுக்கு வந்தவர். வங்காளத்தின் கூட்டுறவுப் பதிவாளரோடு சென்று கிராமங்களைப் பார்வையிட்டார். ஏழை உழவர்கள் தம் சிறு சேமிப்பை ஒன்றுசேர்த்துத் தமக்குள் கடன் கொடுத்துக்கொள்வதை அங்கே கண்டு வியந்து, தம் நாட்டில் அதைப் பரப்பினார்.

வங்காளத்தில் அவர் கண்ட சங்கங்கள் 1904-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டுறவுச் சட்டத்தின்படி அமைந்தவை. அச்சட்டத்துக்கு அடிப்படையான ஆராய்ச்சியைச் செய்தவர் சென்னை மாகாண அதிகாரி பிரெடரிக் நிக்கல்சன். ஜெர்மனியின் ராய்பைசன் சங்கங்களை ஆராய்ந்து, 1895-லும் 1897-லும் அவர் அறிக்கை அளித்தார். சட்டம் வந்த ஆண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் சங்கம் தோன்றியது. ஆகவே நம் நாட்டில் முளைத்த விதை கடல் கடந்து சென்று, கனடாவின் மீனவர் ஊரில் பயிரானது என்று சொல்வது மிகையாகாது.

நோவா ஸ்கோஷியாவில் இச்சங்கங்கள் சில்லறைக் காசுகளைக் கொண்டே தொடங்கின. பெருஞ்செல்வர் எவரும் முதல் போடவில்லை. ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் அவருக்கு ஒரே வாக்கு. கடன் கேட்பவரின் நாணயத்தை அண்டை வீட்டார் அறிவர், அதுவே பிணை. கணக்குகளை மீனவரும் சுரங்கத் தொழிலாளருமே எழுதினர். கணக்கு எழுதும் பயிற்சியையும் படிப்பு வட்டமே தந்தது.

வீடும் பெண்களும்

மந்த காலத்தின் பாரம் முதலில் அடுப்படியில்தான் இறங்குகிறது. விரிவுத் துறையில் மாதர் பணிக்குப் பொறுப்பேற்றவர் அருட்சகோதரி மேரி மைக்கேல். உணவுச் சத்து, காய்கனிகளைப் பதப்படுத்தல், நெசவு, கைத்தொழில், குடும்ப வரவுசெலவு ஆகியவற்றை மாதர் குழுக்கள் கற்றன. நூலகமும் அவர் பார்வையில் வளர்ந்தது.

டாம்ப்கின்ஸ் 1930-க்களின் நடுவில் ரிசர்வ் மைன்ஸ் என்னும் நிலக்கரி ஊருக்கு மாற்றப்பட்டார். அங்கே தொழிலாளர் குடும்பங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமான இடிந்த வீடுகளில் வாடகைக்கு வாழ்ந்தன. ஒரு குழுவினர் வீடு கட்டுவதையே பாடமாக எடுத்துக்கொண்டனர். நியூயார்க்கிலிருந்து வந்த மேரி அர்னால்டு என்னும் கூட்டுறவு அறிஞர் அவர்களுக்குத் துணைபுரிந்தார். நிலம், மரம், அடித்தளம், கடன், வட்டி, தவணை எல்லாவற்றையும் மாதக்கணக்கில் படித்தனர். வீட்டு அமைப்பைப் பற்றி மனைவியரும் உடனிருந்து ஆலோசித்தனர். அரசின் வீட்டுவசதிக் கடனோடு தம் சொந்த உழைப்பையும் சேர்த்து, 1938-இல் பதினொரு குடும்பங்கள் தம் புது வீடுகளில் குடியேறின. அக்குடியிருப்புக்கு டாம்ப்கின்ஸ்வில் என்று பெயரிட்டனர்.

நிறையும் குறையும்

இவ்வியக்கம் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று கூறுவது உண்மையாகாது. மாகாணத்தின் வறுமை முழுவதும் நீங்கவில்லை. இளைஞர் வெளியேறுவதும் நிற்கவில்லை. பெண்கள் படித்தனர், உழைத்தனர். ஆனால் சங்கங்களின் நிர்வாகக் குழுக்களில் அவர்களுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. காலப்போக்கில் படிப்பு வட்டங்கள் அருகின. சங்கங்கள் பெருகிச் சம்பள நிர்வாகிகளின் கைக்குச் சென்றன. உறுப்பினர் பலர் வெறும் வாடிக்கையாளர் ஆயினர். ஐக்கிய கடலோர மீனவர் சங்கம் 1988-இல் நொடித்து மூடப்பட்டது.

எனினும் நின்று நிலைத்தவை பல. நாணயச் சங்கங்கள் பல இணைந்து வளர்ந்து இன்றும் பணிபுரிகின்றன. கோடி 1959-இல் மறைந்தார். அவர் பெயரால் அதே பல்கலைக்கழகம் அவ்வாண்டில் நிறுவிய பன்னாட்டு நிலையத்தில் இந்தியா உட்படப் பல நாடுகளின் கிராமப் பணியாளர் பயின்று வந்துள்ளனர்.

நாம் கொள்ளத்தக்க பாடம்

முதலாவது, வரிசை முக்கியம். அவர்கள் முதலில் கூடினர், பின் படித்தனர், அதன் பின்னரே சங்கம் அமைத்தனர், கடனைக் கடைசியில் வாங்கினர். நம்மிடையே பல இடங்களில் கடன் முதலில் வருகிறது, சங்கம் அதற்காகவே பதிவாகிறது, படிப்பு வருவதேயில்லை. வரிசை தலைகீழானால் பயனும் தலைகீழாகும்.

இரண்டாவது, பாடம் வீட்டுக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். தன் நெல்லின் செலவையும் விலையையும் எழுதிப் பார்க்காத உழவருக்குச் சந்தை எப்போதும் புதிராகவே இருக்கும்.

மூன்றாவது, பல்கலைக்கழகத்தை ஊர் கேட்க வேண்டும். நம் மாநிலத்தில் வேளாண்மை, மீன்வளம், கால்நடை ஆகிய துறைகளுக்குப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. வேளாண் அறிவியல் நிலையங்களும் உள்ளன. கிராம சபையில் ஒரு தீர்மானம் நிறைவேற்றி, ‘எங்கள் ஊரில் இன்ன பயிருக்கு இன்ன குறை, இதைப்பற்றிப் படிக்க எங்களுக்கு உதவுங்கள்’ என்று எழுதிக் கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை. குறையைத் தெளிவாகச் சொல்லும் ஊருக்கு விடை சொல்வது அறிஞர்க்கும் எளிது.

நான்காவது, சங்கம் வளர்ந்தபின் படிப்பை நிறுத்தலாகாது. கணக்கைப் படிக்காத உறுப்பினர்கள் உள்ள சங்கம் கதவில்லாத களஞ்சியத்தை ஒக்கும்.

குழுவில் கலந்து பேச வேண்டிய வினாக்கள்

1. நம் ஊரின் முக்கிய விளைபொருள், வயலிலிருந்து உண்பவர் கைக்குச் செல்லும்வரை எத்தனை கை மாறுகிறது? ஒவ்வொரு கையிலும் விலை எவ்வளவு கூடுகிறது?

2. நம் தெருவில் உள்ள குடும்பங்கள் ஓராண்டில் வட்டியாகச் செலுத்தும் தொகை எவ்வளவு இருக்கும்? பெயர் குறிக்காமல் கூட்டிப் பாருங்கள்.

3. நம் கூட்டுறவுச் சங்கத்தின் சென்ற ஆண்டுக் கணக்கை உறுப்பினருள் எத்தனை பேர் படித்தனர்?

4. நிர்வாகக் குழுக்களில் பெண்களின் குரல் உண்மையில் கேட்கிறதா, கையொப்பம் மட்டும் கேட்கப்படுகிறதா?

5. அருகில் உள்ள கல்லூரியிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி எது? அதனை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்.

இவ்வைந்தையும் ஒரே நாளில் முடிக்க முயல வேண்டா. வாரம் ஒரு வினாவாக, ஐந்தாறு பேர் ஒரு திண்ணையில் கூடிப் பேசினால் போதும். ஐந்தாம் வாரம் எழுதிய வாக்கியத்தை அடுத்த கிராம சபையின் முன் வைத்துத் தீர்மானமாக்குக.